ஏலகிரிக்கு எத்தனை குதிரை?

இரண்டு இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மாருதி வண்டிகளில் வந்தவை. ஒன்று, ஜிப்ஸி கிங்கில் இருந்த 1298 சிசி பெட்ரோல் இன்ஜின். அதன் திறன் 80 குதிரை, முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர். மற்றது, ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1248 சிசி இன்ஜின். அதற்கு 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர். அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குதிரைக் கணக்கில் டீசல் ஐந்து குறைவு. ஆனால் முறுக்குவிசையில் பெட்ரோலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டில் எது பலசாலி?

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கம் பழைய ஜிப்ஸி வைத்திருப்பவருக்கு இது கையைக் கடிக்கும் கேள்வி. ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, கூடவே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. 1980களில் வந்த 970 சிசி இன்ஜின் இப்போது நீலப் புகை தள்ளுகிறது. கொண்டை ஊசி வளைவில் திணறுகிறது. பட்டறைக்குப் போனால் மூன்று யோசனைகள் கிடைக்கும். இருப்பதையே போர் பண்ணலாம் என்பார் ஒருவர். மாருதி எஸ்டீம் காரின் இன்ஜினைத் தூக்கி வைக்கலாம், சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், டீசலைப் போட்டுவிட்டால் இழுவை பிய்த்துக்கொண்டு போகும் என்பார். மூவருமே அனுபவத்தில் பேசுகிறவர்கள். யார் சொல்வது இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று பார்க்கக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

அதற்கு முன் இந்த வண்டியின் பிறப்பைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஹோப் என்ற சிறு நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஓஎன்360 என்ற குட்டி நான்குசக்கர இழுவை வண்டியைச் செய்தது. அதில் இருந்தது மிட்சுபிஷியின் இன்ஜின். அந்த வண்டியின் உரிமையை சுசுகி விலைக்கு வாங்கி, மிட்சுபிஷி இன்ஜினைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய 359 சிசி இரட்டை உருளை இன்ஜினைப் பொருத்தி, 1970-ல் ஜிம்னி என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜிப்ஸியின் குலமே இன்ஜின் மாற்றத்தில்தான் தொடங்கியிருக்கிறது. அதோடு நிற்கவும் இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் போய் நான்கு ஸ்ட்ரோக் வந்தது. 797 சிசி ஆனது. பிறகு எஃப்10ஏ எனப்படும் 970 சிசி இன்ஜின் வந்தது. 1985 இறுதியில் மாருதி அறிமுகப்படுத்திய ஜிப்ஸியில் இருந்தது இந்த 45 குதிரை இன்ஜின்தான். 1990களின் நடுவில் அதன் இடத்துக்கு 1298 சிசியில் 60 குதிரை வந்தது. 2000 வாக்கில் ஒவ்வொரு உருளைக்கும் நான்கு வால்வு, கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ எனப்படும் எரிபொருள் செலுத்தும் முறை என்று மாறி 80 குதிரையைத் தொட்டது. ஒரே சட்டகத்துக்கு என்ன இன்ஜின் பொருந்தும் என்ற கேள்விக்குத் தொழிற்சாலையே மூன்று முறை விடை எழுதிக் காட்டியிருக்கிறது.

இப்போது முறுக்குவிசைக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு. இந்த வட்டாரத்தில் அதைக் கண்ணால் பார்க்க ஒரு டேனரிக்குள் நுழைந்தால் போதும். தோலும் தண்ணீரும் ரசாயனமும் நிரம்பிய பெரிய மர டிரம் ஒன்று நிமிடத்துக்குப் பத்துச் சுற்று வேகத்தில் மெல்ல உருண்டுகொண்டிருக்கும். அதைச் சுழற்றும் மின்மோட்டாரோ நிமிடத்துக்கு 1440 சுற்று. அது 10 குதிரை மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் அச்சில் இருக்கும் முறுக்குவிசை ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர்தான். பழைய ஜிப்ஸி இன்ஜினுடையதைவிடக் குறைவு. அந்த 50-ஐ வைத்துக்கொண்டு டன் கணக்கில் எடையுள்ள டிரம் எப்படிச் சுழல்கிறது? நடுவில் இருக்கும் பெல்ட்டும் பல்சக்கரங்களும் வேகத்தை 144 மடங்கு குறைக்கின்றன. வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு முறுக்குவிசை கூடுகிறது. டிரம்மின் அச்சில் அது 7,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. உராய்வில் போவது போக, திறன் மட்டும் மாறவே இல்லை. உள்ளே போனதும் 10 குதிரை, வெளியே வருவதும் 10 குதிரை.

முறுக்குவிசை என்பது ஓர் அச்சைத் திருப்ப முயலும் விசை. திறன் என்பது அந்த விசையோடு எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம் என்பதையும் சேர்த்துப் பெருக்கி வருவது. முறுக்குவிசையை கியர் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம். திறனை எந்த கியராலும் பெருக்க முடியாது.

இதை எப்படி அளந்தார்கள்? குதிரைத்திறன் என்ற அலகை ஜேம்ஸ் வாட் வகுத்தார். ஆலைகளில் செக்கிழுப்பதுபோல் சுற்றிவரும் குதிரைகளின் உழைப்பைத் தம் நீராவி இயந்திரத்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலை ஒரு குதிரை என்று முடிவு செய்தார். ஆனால் சுழலும் ஓர் அச்சின் திறனை நேரடியாக அளக்க ஒரு வழி வேண்டுமே. அதை 1821-ல் பிரெஞ்சுப் பொறியாளர் கஸ்பார் த ப்ரோனி கண்டுபிடித்தார். சுழலும் அச்சை இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து இறுக்கு. கட்டையோடு ஒரு நீண்ட கை. அச்சு உரசிக்கொண்டே அந்தக் கையையும் தன்னோடு இழுத்துச் சுற்றப் பார்க்கும். கையின் முனையில் எடை தொங்கவிட்டு அதை அசையாமல் நிறுத்து. எடையையும் கையின் நீளத்தையும் பெருக்கினால் முறுக்குவிசை கிடைத்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டால் திறனும் தெரிந்துவிடும். இன்றைய சோதனைக் கூடங்களில் மரக்கட்டையின் இடத்தில் தண்ணீரோ மின்காந்தமோ இருக்கிறது. ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் நடப்பதும் அடிப்படையில் இதேதான். விளம்பரத்தில் அச்சாகும் 80 என்ற எண் இப்படி அச்சை இறுக்கிப் பிடித்துப் பெற்ற எண். அதிலும் அது ஒரே ஒரு வேகத்தில் பெற்ற எண் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஜிப்ஸி கிங்கின் 80 குதிரை 6000 சுற்றில் கிடைக்கிறது. அதன் உச்ச முறுக்குவிசை 4500 சுற்றில். ஸ்விஃப்ட் டீசலின் 75 குதிரை 4000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. அதன் 190 நியூட்டன் மீட்டர் 2000 சுற்றில். புதிர் இங்கே அவிழ்கிறது. 2000 சுற்றில் டீசல் ஏறக்குறைய 53 குதிரை தருகிறது. அதே 2000 சுற்றில் பெட்ரோல் இன்ஜின் தன் உச்ச முறுக்குவிசை முழுவதையும் தந்தால்கூட 29 குதிரையைத் தாண்டாது. உண்மையில் அதைவிடக் குறைவாகவே தரும். இரண்டிடமும் ஏறக்குறைய ஒரே அளவு திறன் இருக்கிறது. டீசல் அதைத் தாழ்ந்த சுற்றிலேயே எடுத்துக் கொடுக்கிறது. பெட்ரோலிடம் அதைக் கேட்டு வாங்க கியரை இறக்கி, சுற்றை ஏற்ற வேண்டும். ‘இழுவை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த வசதியைத்தான்.

சரி, ஏலகிரி ஏற உண்மையில் எவ்வளவு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். வண்டியும் நான்கு பேரும் மூட்டை முடிச்சும் சேர்ந்து 1300 கிலோ. சரிவு பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் அதற்கு மேல் போவதும் நல்லதில்லை. எடையை உயர்த்தவும் டயரின் உருள் தடையை வெல்லவும் சக்கரத்தில் வேண்டியது ஏறக்குறைய 16 குதிரை. கியர்பாக்ஸிலும் அச்சிலும் வீணாவதைச் சேர்த்தாலும் இருபதுக்குள் அடங்கிவிடும். பழைய 970 சிசி இன்ஜின் நல்ல நிலையில் 3000 சுற்றில் சுமார் 75 நியூட்டன் மீட்டர் தரும். அது 31 குதிரை. ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய பத்து சதவீதம் திறனை இழக்கும். வேலூர் அக்னி நட்சத்திரத்து வெயில் தன் பங்குக்கு ஐந்தாறு சதவீதத்தைத் தின்னும், சூடான காற்றும் மெலிந்த காற்றுதானே. அத்தனையும் கழித்த பிறகும் 26 குதிரை மிஞ்சுகிறது. தேவை இருபதுக்குள்.

ஆக, 45 குதிரை இன்ஜின் ஏலகிரிக்குத் தாராளம். உங்கள் வண்டி திணறுகிறது என்றால் இன்ஜின் சிறியது என்பது காரணம் இல்லை. அது தேய்ந்துவிட்டது, அல்லது மூன்றாவது கியரிலேயே பிடிவாதமாக ஏற்றுகிறீர்கள்.

குதிரைகள் உண்மையில் தேவைப்படுவது மலையில் அல்ல, நெடுஞ்சாலையில். வண்டியின் முன் உள்ள காற்றை ஒதுக்கித் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் படியாக ஏறும். மணிக்கு 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது; காற்றுக்குச் செலவாகும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. பெட்டி போன்ற ஜிப்ஸிக்கு இந்தச் செலவு மிக அதிகம். ஆம்பூரிலிருந்து சென்னைக்கு லாரிகளை முந்திக்கொண்டு போக வேண்டும் என்பவருக்கு 80 குதிரையின் அருமை தெரியும். அப்போது பிரேக்கையும் நினைக்க வேண்டும். 80-ல் நிறுத்துவதைவிட 100-ல் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் அதிகம். 45 குதிரை வண்டிக்கு என்று அமைந்த பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் பெரிதாக்குவதை நான் எந்த நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனவே எந்த இன்ஜின் என்று கேட்பதற்கு முன், இருக்கும் இன்ஜின் செத்துவிட்டதா என்று கேளுங்கள். புகையைப் பார்த்தும் காதால் கேட்டும் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஆனால் சில நூறு ரூபாய் மீட்டர் ஒன்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒரு துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பிஸ்டன் காற்றை எந்த அளவுக்கு அமுக்குகிறது என்று முள் காட்டும். ஆரோக்கியமான இன்ஜினில் இது பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 12-லிருந்து 14 கிலோ. மொத்த அளவைவிட முக்கியம், நான்கு உருளைகளும் ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசப்படாமல் இருப்பது.

ஓர் உருளையில் அழுத்தம் எட்டுதான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று எங்கே கசிகிறது? மேலே வால்வு வழியாகவா, கீழே பிஸ்டன் ரிங் வழியாகவா? இன்ஜினைப் பிரிக்காமலேயே இதற்கு விடை காணும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடியும் அளக்க வேண்டும். ஆயில் பிஸ்டனைச் சுற்றித் தேங்கி, தேய்ந்த ரிங்கின் இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடும். அழுத்தம் சட்டென்று ஏறினால் குற்றவாளி ரிங்கும் உருளைச் சுவரும். ஏறவில்லை என்றால் வால்வு. ஆயில் அங்கே எட்டாது. பக்கத்துப் பக்கத்து உருளைகள் இரண்டும் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். வால்வும் கேஸ்கெட்டும் பிளாக்கைத் தொடாத வேலைகள். ரிங் என்றால் லேத் பட்டறையில் உருளையைப் போர் பண்ணி, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிய பிஸ்டன் போட வேண்டும். பிளாக்கில் விரிசல், அல்லது கிராங்க் தாங்கும் இடமே கெட்டுவிட்டது என்றால்தான் வேறு இன்ஜின் என்ற பேச்சே.

அந்தப் பேச்சு வந்தால்? முதல் தேர்வு அதே எஃப்10ஏ. நல்லது கிடைப்பது கடினம் என்பது மட்டுமே அதன் குறை. அடுத்தது ஜிப்ஸி கிங்கின் 1298 சிசி ஜி13. இங்கே ஒரு நுணுக்கம்: இரண்டு குடும்பங்களிலும் இன்ஜினை கியர்பாக்ஸோடு இணைக்கும் போல்ட் துளைகள் ஒத்துப்போகாது. ஆகவே ஜி13-ஐ அதன் ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்து வாங்குவதே முறை. எஸ்டீமில் இருப்பதும் ஜி13 குடும்பம்தான், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. ஜிப்ஸியில் நெடுக்கே உட்கார்ந்து பின்னால் ஆற்றலை அனுப்புகிறது. ஆயில் சம்ப், தாங்கிகள், காற்று நுழையும் குழாய் எல்லாம் ஜிப்ஸிக்கு உரியவையாக மாற வேண்டும். எம்பிஎஃப்ஐ என்றால் அதன் கணினி, வயரிங், சென்சார்கள், அதிக அழுத்தத்தில் பெட்ரோல் தள்ளும் மின்பம்பு இவையும் கூடவே வர வேண்டும். வயரிங்கைப் பாதியில் வெட்டி எடுத்த இன்ஜினை விலை மலிவு என்று வாங்காதீர்கள். கார்புரேட்டர் இன்ஜினையே வைத்துக்கொள்கிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். இன்று பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1980களின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது, இன்ஜின் மாற்றுவதைவிட முந்திய வேலை.

டீசல்? மலை உயரத்தில் டர்போ இழப்பை ஈடுகட்டிவிடும் என்பது அதன் உண்மையான பலம். ஆனால் கியரின் பெருக்கலை மறுபடியும் போட்டுப் பாருங்கள். முதல் கியர் ஏறக்குறைய மூன்றரை மடங்கு, நான்குசக்கர ஓட்டத்தின் தாழ் கியர் இரண்டு மடங்கு, அச்சின் டிஃபரன்ஷியல் நான்கு மடங்கு என்று தோராயமாக வைத்தால் மொத்தம் 28 மடங்கு. பழைய இன்ஜினின் 75, சக்கரங்களில் 2,100 நியூட்டன் மீட்டராகிறது. டீசலின் 190, 5,300 ஆகிறது. இதே 1300 கிலோ வண்டியின் நான்கு டயர்களும் உலர்ந்த தார்ச்சாலையைக் கவ்விப் பிடிக்கும் எல்லை ஏறக்குறைய 3,400தான். அதற்கு மேல் டயர் வழுக்கும், வண்டி ஒரு அங்குலம்கூட கூடுதலாக ஏறாது. வழுக்க முடியாதபடி சக்கரங்கள் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் அந்த மிகுதி ஆக்சில் ஷாஃப்ட்டை முறுக்கும். அது 75-ஐ மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஷாஃப்ட்.

இன்ஜினும் வண்டியும் ஒன்றுக்கொன்று அளவாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடல் ரோவர் எஸ்டி1 உடையது. இங்கிலாந்தில் 3500 சிசி வி8 பொருத்தி ஓடிய கார். இங்கே அதற்குள் வைத்தது 1940களின் வான்கார்ட் கார் வழிவந்த 1991 சிசி நான்கு உருளை இன்ஜின். அழகான வண்டி, ஆனால் சந்தையில் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி முடிந்துபோனது. இதற்கு நேர் எதிர் கான்டெஸா கார். பழைய 1489 சிசி இன்ஜினோடு தவழ்ந்துகொண்டிருந்த அந்த வண்டிக்கு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசூவிடமிருந்து 1817 சிசி இன்ஜினை வாங்கிப் பொருத்தியது. கூடவே ஐந்து கியர் பெட்டியையும் கொடுத்தது. கான்டெஸாவுக்குப் பெயர் வந்ததே அதற்குப் பிறகுதான். 1992-ல் அம்பாசடருக்கும் அந்த இன்ஜினே போனது.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை விலக்கும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அதே ரக இன்ஜின் என்றால் முன் அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் புதிய இன்ஜின் எண்ணை ஏற்றிக்கொள்ளும் வழியைக் கேட்கலாம். பெட்ரோல் வண்டியில் டீசல் என்பது வேறு கதை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். எண் ஒத்துப்போகாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடக்கூடும். ஆகவே போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: பிளாக் தேறும் என்றால் எஃப்10ஏ-வையே போர் பண்ணி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ரேடியேட்டரைப் புதுப்பித்து ஓட்டுவேன். தினமும் நெடுஞ்சாலையில் போக வேண்டியவர் ஜி13-ஐ கியர்பாக்ஸோடும் பிரேக்கோடும் சேர்த்து மாற்றலாம். அப்படி மாற்றினாலும் பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனிப் பதிவு செய்யலாம். சட்டகமும் உடலும் இன்ஜினும் மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஜிப்ஸிகள் 2035-ஐ ஒட்டி அந்த வயதுக்கு வரும். உருளைகளில் ஆயில் தடவி, பிளக் துளைகளை அடைத்து, இன்ஜின் எண் அழியாமல் கிரீஸ் பூசி, ஈரம் படாத ஒரு மூலையில் பலகை மேல் ஏற்றி வையுங்கள்.